குழந்தை தூங்கிவிட்டது, அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை: அக்குபிரஷர் எவ்வளவு தூரம் உதவும்?

கேள்வியின் சுருக்கம் இது. முதல் பிரசவம், சிசேரியன், ஏழு வாரம் ஆகிறது. இப்போது தன் தாய் வீட்டில் இருக்கிறார். கணவர் சனி, ஞாயிறு வந்து போகிறார். ராத்திரி பால் கொடுத்துக் குழந்தையைப் படுக்க வைத்த பிறகும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார். பகலில் கண் அசந்தால் பாட்டி விடுவதில்லை. தூக்க மாத்திரை என்றால் பயம். உடம்பின் சில புள்ளிகளை விரலால் அமுக்கும் அக்குபிரஷர் செய்தால் தூக்கம் வருமா, எந்தப் புள்ளி, தாய்ப்பாலுக்கு ஏதாவது ஆகுமா? பொருட்காட்சியில் 6,000 ரூபாய்க்கு ஒரு காந்த அக்குபிரஷர் பாய் விற்கிறார்கள், வாங்கலாமா?

பிரசவ வார்டில் செவிலியராக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவள் நான். நடுவில் அக்குபிரஷரும் முறையாகப் படித்தேன். இரண்டையும் பார்த்தவள் என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அக்குபிரஷர் உதவும், ஆனால் தூங்க வாய்ப்பு இருந்தும் தூக்கம் வராதவர்களுக்குத்தான். தூங்கவே வாய்ப்பில்லாதவருக்கு எந்தப் புள்ளியை அமுக்கியும் பயனில்லை. அதனால் உங்களுக்கு எது நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தூக்கம் இரண்டு மணி, இரண்டரை மணி என்று துண்டு துண்டாக, ராத்திரி பகல் பார்க்காமல் வரும். நடுவில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம், அப்புறம் ஏப்பம் எடுக்க வைக்க, துணி மாற்ற, தூளியில் போட்டு ஆட்ட என்று போனால் அம்மாவுக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். பெரியவர்களின் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுவது. அதாவது ஒரு சுற்று முடிகிறதோ இல்லையோ, அடுத்த அழுகை. இரவு எது, பகல் எது என்று குழந்தையின் உடம்புக்குப் பிடிபட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை எல்லா அம்மாக்களுக்கும் தூக்கக் கடன் ஏறிக்கொண்டேதான் இருக்கும். இது நோய் இல்லை. இதற்கு மருந்து இன்னொரு ஜோடிக் கைகள்.

இங்கேதான் உங்கள் பாட்டி வருகிறார். 'பிள்ளை பெத்தவ பகல்ல தூங்கக் கூடாது, உடம்புல நீர் கோத்துக்கும்' என்று வார்டில் எத்தனை பாட்டிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. பச்சை உடம்புக்காரி படுத்தே கிடக்கக் கூடாது, எழுந்து நடமாட வேண்டும் என்ற அளவில் அதில் ஒரு நியாயம் உண்டு. பிரசவத்துக்குப் பின் காலில் ரத்தம் உறையாமல் இருக்க நடமாட்டம் தேவைதான். ஆனால் பகலில் ஒரு மணி நேரம் தூங்கினால் உடம்பில் நீர் சேராது. கர்ப்பத்தில் சேர்ந்த நீர் பிரசவத்துக்குப் பின் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் சிறுநீராகவும் வியர்வையாகவும் தானாக வெளியேறும். ராத்திரி நைட்டி நனைகிற அளவுக்கு வியர்த்ததே, அது இதனால்தான். பாட்டியோடு வாதம் செய்து ஜெயிக்க முடியாது. 'டாக்டர் சொல்லியிருக்காங்க பாட்டி, தையல் ஆறணுமாம்' என்று ஒரு வார்த்தை போதும். நான் நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுத்ததிலேயே அதிகம் பலித்த மருந்து இந்த வாக்கியம்தான்.

சரி, பகல் தூக்கத்துக்கு வழி பிறந்தாலும் ராத்திரி விஷயம் அப்படியே நிற்கிறதே. குழந்தை தூங்குகிறது, வீடு அடங்கிவிட்டது, உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, ஆனாலும் மனசு மட்டும் முழித்துக்கொண்டு குழந்தையின் மூச்சை எண்ணுகிறது என்கிறீர்கள். இதுதான் இரண்டாவது வகை. நஞ்சுக்கொடி வெளியே வந்த உடனே புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்கள் இரண்டும் சில நாட்களில் சரசரவென்று இறங்கிவிடுகின்றன. புரோஜெஸ்டிரோனிலிருந்து உடம்பு தயாரிக்கும் ஒரு பொருளுக்கு மூளையை அமைதிப்படுத்தும் தன்மை உண்டு. கர்ப்பத்தில் பகலெல்லாம் தூக்கம் தூக்கமாக வந்ததில் அதற்கும் பங்கு இருந்தது. அது சட்டென்று இல்லாமல் போகிறது. அதோடு ஒரு சின்ன முனகலுக்கும் விழித்துக்கொள்ளும்படி காது பழகிவிடுகிறது. அப்புறம் அடிவயிற்றுத் தையல், முதுகு வலி, 'எப்படியும் இன்னும் ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிடுவானே' என்ற கணக்கு. தூங்க வேண்டும் என்று எவ்வளவு முயல்கிறோமோ அவ்வளவு தூரம் தூக்கம் தள்ளிப் போகும். அக்குபிரஷர் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

நான்கு இடங்கள் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 361 புள்ளிகள் இருக்கின்றன, அவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலாவது மணிக்கட்டில். சீனப் பெயர் ஷென்மென், படங்களில் 'எச்.டி. 7' என்று போட்டிருப்பார்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை மடியில் வையுங்கள். மணிக்கட்டில் மடிப்புக் கோடு தெரியும். அந்தக் கோட்டிலேயே சுண்டுவிரல் பக்கமாகப் போனால் உள்ளங்கையின் அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு எலும்பு முட்டும். அதற்குச் சற்று உள்பக்கமாக, நரம்பு போல விறைத்திருக்கும் தசைநாணை ஒட்டி ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதுதான் இடம். தூக்கத்துக்கு என்று மட்டும் ஒரு புள்ளி கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். தூக்கம் பற்றிய அக்குபிரஷர் ஆய்வுகளிலும் அடிக்கடி வருவது இதுதான்.

இரண்டாவது அதே கையில் சற்று மேலே. மணிக்கட்டுக் கோட்டின் மேல் மூன்று விரல்களைக் குறுக்கே வையுங்கள். மூன்றாவது விரல் முடியும் இடத்தில், கையின் நடுவே ஓடும் இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் அமுக்குங்கள். இது நெய்குவான், 'பி.சி. 6'. பேருந்தில் வாந்தி வராமல் இருக்க மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொள்வார்களே, அதில் இருக்கும் குமிழ் இந்த இடத்தில்தான் அழுத்தும். படபடப்பாக, நெஞ்சை அடைப்பது போல் இருக்கும் ராத்திரிகளில் இது இதமாக இருக்கும். (படபடப்பு தொடர்ந்து இருந்தால் வேறு கதை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

மூன்றாவது இரண்டு புருவங்களுக்கு நடுவே, பொட்டு வைக்கும் இடம். இதற்கு விளக்கமே தேவையில்லை. ஆனால் இங்கே அமுக்கக் கூடாது. நடுவிரல் நுனியை வைத்து, தோல் மட்டும் அசைகிற மாதிரி மெதுவாக வட்டம் போட்டால் போதும்.

நான்காவது காதுக்குப் பின்னால். காது மடலுக்குப் பின்னே கெட்டியாக ஒரு எலும்பு மேடு இருக்கிறது. அந்த மேட்டுக்குப் பின்னால், மயிர்க்கோட்டை நோக்கி விரலை நகர்த்தினால் சதை சற்றுக் குழியும். ஆன்மியன் என்று பெயர். சீனத்தில் அதற்கு 'நிம்மதியான தூக்கம்' என்றே பொருள். குனிந்து குனிந்து பால் கொடுத்துக் கழுத்தும் பிடரியும் இறுகிப்போன அம்மாக்களுக்கு இங்கே இரண்டு விரல்களால் அழுத்தினால் தானாக ஒரு பெருமூச்சு வரும். அதை நம்பியே நான் இந்த இடத்தைச் சேர்த்துக்கொள்கிறேன்.

எவ்வளவு அழுத்துவது? அமுக்கும்போது கட்டைவிரல் நகம் லேசாக வெளிறினால் போதுமான அழுத்தம். 'சுகமான வலி' என்று சொல்வோமே, அதைத் தாண்டக் கூடாது. ஒரு புள்ளிக்கு ஒன்று முதல் இரண்டு நிமிடம், பிறகு அடுத்த பக்கம். மூச்சை விடும்போது அமுக்கி, இழுக்கும்போது அழுத்தத்தைத் தளர்த்துங்கள். மூச்சு விடுவது இழுப்பதைவிட நீளமாக இருக்கட்டும். என் அனுபவத்தில் புள்ளியைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பதைவிட இந்த மூச்சுக் கணக்குதான் பெரிய வேலையைச் செய்கிறது. நூலிழை தள்ளி அமுக்கிவிட்டோமோ என்று கவலைப்பட்டு அதனால் தூக்கம் கெடுத்துக்கொண்டவரையும் பார்த்திருக்கிறேன்.

இதில் யாரும் சொல்லாத ஒரு சிக்கல் உண்டு. குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வலி வருவது புது அம்மாக்களிடம் சர்வ சாதாரணம். அந்த வலி இருக்கும்போது அதே கட்டைவிரலால் இன்னொரு கையை அமுக்கிக்கொண்டிருந்தால் இருக்கிற வலி இரட்டிப்பாகும். விரல் முட்டியைப் பயன்படுத்துங்கள். அதைவிட நல்லது, வேறு ஒருவர் செய்துவிடுவது. வாரக் கடைசியில் கணவர் வரும்போது இதைக் கற்றுக் கொடுங்கள். குழந்தையை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் ஓரமாக நிற்கும் ஆண்களுக்கு, செய்வதற்கு என்று ஒரு வேலை கிடைத்த நிம்மதி முகத்தில் தெரியும். மற்ற நாட்களில் உங்கள் அம்மா உள்ளங்காலில் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவித் தேய்த்துவிடட்டும். பாதத்தின் முன்பகுதியில், விரல்களை மடக்கினால் குழி விழும் இடத்தில் சீன மருத்துவமும் ஒரு புள்ளி வைத்திருக்கிறது. எண்ணெய்க் காலோடு எழுந்து நடந்து வழுக்கிவிடாமல் துடைத்துவிடுவது முக்கியம். குழந்தை கையில் இருக்கும்.

பாலுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டீர்கள். உடம்புக்குள் எதுவும் போவதில்லை, அதனால் பாலில் கலக்கவும் எதுவும் இல்லை. மாத்திரையோடு ஒப்பிட்டால் அக்குபிரஷருக்கு இருக்கும் பெரிய நன்மையே அதுதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதில் நான் படித்த பாடத்துக்கும் நான் இப்போது நம்புவதற்கும் இடைவெளி உண்டு. 'சி' என்ற உயிராற்றல் உடம்பின் தடங்களில் ஓடுகிறது, அடைப்பை நீக்கினால் தூக்கம் வரும் என்று படித்தேன். அந்தத் தடங்களை உடற்கூற்றில் யாரும் கண்டதில்லை. ஆய்வுகளைப் பார்த்தால், அக்குபிரஷர் செய்துகொண்டவர்கள் நன்றாகத் தூங்கியதாகச் சொல்லும் சின்னச் சின்ன ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. ஆனால் 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, ஊசி குத்தும் அக்குபங்சர், அக்குபிரஷர் இரண்டையும் சேர்த்துத் தூக்கமின்மைக்கான 33 ஆய்வுகளை அலசிப் பார்த்தது. அவற்றின் தரம் போதாது, உறுதியாக ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றுதான் முடித்தது. இந்த ஆய்வுகளில் அடிப்படையான ஒரு தொல்லை இருக்கிறது. வெற்று மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம், 'வெற்று அமுக்கல்' கொடுப்பது எப்படி? தவறான இடத்தில் அமுக்கினாலும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரே, அதுவே பாதி வைத்தியம். எனக்கு இதில் வருத்தம் இல்லை. பத்து நிமிடம் ஃபோனைக் கீழே வைத்து, விளக்கைக் குறைத்து, மூச்சை நீட்டி, ஒருவர் கை நம் மேல் படும்போது இதயத் துடிப்பு இறங்குகிறது. புது அம்மாவை நாள் முழுவதும் எல்லோரும் குழந்தைக்காகத்தான் தொடுகிறார்கள். அவளுக்காக ஒருவர் தொடுவது இந்தப் பத்து நிமிடம்தான்.

நம் ஊரில் இதை வர்மத்தோடு போட்டுக் குழப்புபவர்கள் உண்டு. சித்த மருத்துவத்தின் வர்மப் புள்ளிகள் 108, படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று பிரிப்பார்கள். அது அடிபட்டவருக்கு வைத்தியம் செய்வதில் வளர்ந்த தனிக் கலை. யூடியூபில் பார்த்து வர்மத்தை வீட்டில் முயல வேண்டாம்.

இனி எப்போது அமுக்கக் கூடாது என்பது. கணுக்காலுக்கு உள்பக்கம் நான்கு விரல் மேலே, கால் எலும்பை ஒட்டி ஒரு புள்ளி உண்டு. 'எஸ்.பி. 6' என்று தூக்கத்துக்கான எல்லாப் படங்களிலும் இருக்கும். வேண்டுமென்றேதான் என் நான்கில் அதைச் சேர்க்கவில்லை. கர்ப்பத்தில் அந்த இடத்தை அமுக்கக் கூடாது என்பது மரபு, உங்களுக்கு அது பொருந்தாது. என் காரணம் வேறு. பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரத்தில் கால் நரம்பில், அதாவது ரத்தக் குழாயில், ரத்தம் உறையும் ஆபத்து அதிகம், அதன் பிறகும் சில வாரங்களுக்கு ஓரளவு இருக்கும். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் கூடுதல். ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதையில் வலியோ சூடோ இருந்தால் அந்தக் காலை அமுக்கவும் கூடாது, எண்ணெய் போட்டு நீவவும் கூடாது. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நேராக ஆஸ்பத்திரி. அதேபோல, கடுமையான தலைவலியோடு கண் மங்கினால் புருவ மத்தியில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பிரசவம் முடிந்த பிறகும் ஆறு வாரம் வரை ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரை போக முடியும். வயிற்றில் எந்தப் புள்ளியும் வேண்டாம், உள்தையல் ஆற நாளாகும்.

காதில் சின்ன விதைகளைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடும் முறை ஒன்று இப்போது பிரபலம். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது. ராத்திரி உதிர்ந்து படுக்கையில் கிடக்கும் விதை குழந்தையின் வாய்க்கோ மூக்குக்கோ போக ஒரு நொடி போதும். கசகசாப் பால், ஜாதிக்காய் உரைத்துக் கொடுப்பது பற்றியும் கேட்பார்கள். சமையலில் சேர்கிற அளவு அம்மாவுக்குச் சரி. தூங்க வைப்பதற்காகக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. கசகசாவில் ஓபியத்தின் கூறுகள் ஒட்டியிருக்கலாம், சின்னக் குழந்தையின் மூச்சை அது மந்தமாக்கும்.

அக்குபிரஷர் செய்பவர் யாராவது தைராய்டு மாத்திரையை, பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

படபடப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்குத் தைராய்டு சுரப்பி வீங்கி, சில வாரம் ஹார்மோனைக் கூடுதலாகக் கொட்டும். படபடப்பு, கை நடுக்கம், எடை மளமளவென்று இறங்குவது, தூக்கம் வராதது எல்லாம் சேர்ந்து வரும். 'பிள்ளை பெத்த உடம்பு' என்று எல்லாவற்றையும் அதில் போட்டு மூடிவிடுகிறோம். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். அதே ஊசிக் குத்தலில் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் படுத்தவுடன் காலில் ஏதோ ஊர்வது போலவும், காலை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் சரியாக இருக்கும் போலவும் தோன்றும். தூக்கம் எங்கே வரும்? பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தனுப்புவோம். வீட்டுக்குப் போன ஒரு வாரத்தில் அது அலமாரிக்குப் போய்விடும். அதை எடுத்துச் சாப்பிடுங்கள், டீ காபியோடு மட்டும் வேண்டாம்.

காபி என்றதும் நினைவு வருகிறது. களைப்பைப் போக்க மாலை ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் டிகிரி காபி குடித்தால் அதில் பாதி ராத்திரி பத்து மணிக்கும் உங்கள் உடம்பில் இருக்கும். பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அதை வெளியேற்ற நாள் கணக்கில் ஆகும். காலையில் ஒன்று, பிற்பகலுக்கு முன் வேண்டுமானால் இன்னொன்று, அதோடு நிறுத்துங்கள்.

இப்போது நான் மிகவும் கவனமாகச் சொல்ல வேண்டிய பகுதி. பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வருவது பெரும்பாலோருக்கு நடக்கும், இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். அதைத் தாண்டியும் மனசு கனத்தே இருந்தால், குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியாமல் இருந்தால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். இந்தியாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தாய்க்கு வருவது இது, அரிதானது இல்லை. இதைக் கண்டுபிடிக்க 1987இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்றை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், தமிழிலும் சோதித்துப் பார்த்த வடிவம் இருக்கிறது. அதன் ஏழாவது கேள்வி தூக்கம் பற்றியதுதான். ஆனால் எப்படிக் கேட்கிறது பாருங்கள்: 'தூங்க முடியாத அளவுக்கு மனவருத்தமாக இருந்ததா' என்று. தூக்கம் குறைந்ததா என்று கேட்டால் எல்லா அம்மாவும் ஆமாம் என்பார்கள் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் ஏழு வாரத்தை வைத்துப் பார்க்கும்போது இந்தக் கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். குழந்தை மேல் ஒட்டுதலே வரவில்லையா? நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று தோன்றுகிறதா? குழந்தைக்கு ஏதோ ஆகிவிடும் என்று ராத்திரிக்குப் பத்து தடவை எழுந்து பார்க்கிறீர்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

இதைவிட அரிதாக, ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில், வேறொன்று வரும். ஒரு பெண் எங்கள் வார்டில் மூன்று ராத்திரி தூங்கவில்லை. அவளுடைய மாமியாருக்கு ஒரே பெருமை. 'பாருங்க சிஸ்டர், பொட்டுத் தூக்கம் இல்ல, ஆனாலும் என்ன சுறுசுறுப்பு!' நான்காம் நாள் காலை அவள் பக்கத்துக் கட்டில்காரியிடம், 'இது என் பிள்ளை இல்லை, மாத்திட்டாங்க' என்று ரகசியம் பேசினாள். வீட்டார் மந்திரிக்கக் கூட்டிப்போக ஆட்டோ வரை சொல்லிவிட்டார்கள். நல்லவேளையாக மனநல மருத்துவர் அன்று வார்டுக்கு வந்தார். மூன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே வந்தாள், என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். தூக்கமே தேவைப்படாதது போல் இருப்பதும், பேச்சு வேகமெடுப்பதும், இல்லாததைக் கேட்பதும் பார்ப்பதும் அவசரம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அக்குபிரஷருக்கு அங்கே வேலையே இல்லை.

அதெல்லாம் இல்லை, வெறும் தூக்கம் வராததுதான் என்றால் இன்று ராத்திரியிலிருந்து இப்படிச் செய்து பாருங்கள். ஒன்பது மணிப் பால் கொடுத்ததும் குழந்தையை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, முடிந்தால் வேறு அறையில் போய்ப் படுங்கள். குழந்தையின் மூச்சு காதில் விழும் தூரத்தில் படுத்துக்கொண்டு காதை மூடச் சொன்னால் அது மூடாது. படுத்தவுடன் மணிக்கட்டில் தொடங்கிக் காதுக்குப் பின்னால் வரை பத்து நிமிடம். இருபது நிமிடம் போலக் கழிந்தும் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் செருகும்போது திரும்பப் படுங்கள். மணி பார்க்காதீர்கள். படுக்கை என்றால் விழித்திருக்கும் இடம் என்று மனசு பழகிவிடாமல் இருக்கத்தான் இது. பசிக்கு அழுதால் மட்டும் அம்மா குழந்தையை உங்களிடம் கொண்டுவரட்டும். பக்கவாட்டில் படுத்தபடி கொடுங்கள், தையலுக்கும் அதுதான் இதம். குடித்து முடித்ததும் ஏப்பம் எடுக்க வைப்பதும் துணி மாற்றுவதும் அவர் வேலை. சோபாவிலோ நாற்காலியிலோ குழந்தையோடு கண் அயர்ந்துவிடுவது மிகவும் ஆபத்து, அதைத் தவிர்க்கவும். சனி, ஞாயிறு அம்மாவின் இடத்தில் கணவர். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம் என்பதால் ராத்திரிப் பால் முழுவதையும் விட்டுவிட வேண்டாம். ஒரு வேளைக்கு மட்டும் பீய்ச்சி வைத்து, சங்கிலோ பாலாடையிலோ அவர்கள் புகட்டினால் உங்களுக்கு நான்கைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கும். பீய்ச்சிய பாலை நம் வெயிலுக்கு வெளியில் வைக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இரண்டு வாரம் இப்படிப் பாருங்கள். முதல் நாளே தூக்கம் அடித்துக்கொண்டு வராது, நான்கைந்து நாள் கழித்து 'நேற்று எப்போது தூங்கினேன் என்றே தெரியவில்லை' என்று ஒரு காலை வரும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தூக்க மாத்திரை மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருத்துவ உலகம் முதலில் பரிந்துரைப்பதே மாத்திரையை அல்ல, பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் பேச்சு வழிச் சிகிச்சையை. மேலே சொன்ன 'எழுந்து உட்காருங்கள்' அதிலிருந்து எடுத்ததுதான்.

காந்தப் பாய் வாங்க வேண்டாம். காந்தத்துக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சிசேரியன் முதுகோடு பிளாஸ்டிக் முள் மேல் படுத்தால் இருக்கிற தூக்கமும் போகும். அந்த 6,000 ரூபாய்க்கு உங்கள் ஊரில் காலையில் வந்து குழந்தையைக் குளிப்பாட்டி, துணி துவைத்துப் போட்டுவிட்டுப் போகும் அம்மா ஒருவர் கிடைப்பாரா என்று விசாரியுங்கள். அந்த நேரத்தில் உங்கள் அம்மாவும் கொஞ்சம் தூங்கலாம், ராத்திரி விழிக்கப் போவது அவர்தானே.